கோவையிலிருந்து தில்லிக்கு ‘பர்ஸ்ட் கிளாஸ்’: அப்பா அம்மாவுக்குப் போடலாமா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. அம்மாவுக்கு 62. இருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. கோவையில் ஏறி தில்லி போய், அங்கிருந்து காசிக்குக் கூட்டிப்போக நினைக்கிறார். “வாழ்நாள் பூரா காட்டுலயே பாடுபட்டவங்க. ஒருக்காவாவது பர்ஸ்ட் கிளாஸ்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகோணும்னு ஆசைங்க. குடுக்கற காசுக்குச் சௌகரியம் கெடைக்குமா, இல்ல வெறும் பேருக்குத்தானா?” என்பது அவர் கேள்வி.

தம்பி, போடலாம். ஆனால் போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு விமானத்துக்கும் போட வேண்டாம். கோவை–தில்லி தூரத்துக்கு மட்டும் போடுங்கள். அதிலும் ஒரு பக்கத்துக்குத்தான் கை கொடுக்கும் என்றால் திரும்பி வரும் பக்கத்துக்குப் போடுங்கள். தில்லி–காசிக்குச் சாதாரண டிக்கெட்டே போதும். காந்திபுரத்தில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். திருப்பூர் பனியன்காரர்கள், கரூர் ஜவுளிக்காரர்கள், நாமக்கல் லாரி, ரிக் வண்டி முதலாளிகள் என்று வாராவாரம் தில்லிக்கும் மும்பைக்கும் போகிறவர்களுக்கும், உங்களைப் போல அப்பா அம்மாவை முதன்முதலாக ஏற்றி விடுகிறவர்களுக்கும் போட்டுக் கொடுத்து வருகிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், நம் நாட்டுக்குள் ஓடும் விமானங்களில் பர்ஸ்ட் கிளாஸ் என்று வழக்கமாக எதுவும் விற்பதில்லை. முன்பக்கம் திரைக்கு அப்பால் இருப்பது பிசினஸ் கிளாஸ். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் “நாங்க உள்ளூர் பிளைட்லயே பர்ஸ்ட் கிளாஸ்லதான் போறோம்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே இதே மாதிரி முன்பக்கத்து அகல நாற்காலியைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள். படுத்துக்கொண்டு போவது, தனி அறை மாதிரிக் கதவு, இதெல்லாம் கடல் கடந்து போகும் பெரிய விமானங்களின் சங்கதி. கோவைக்கு வரும் உள்நாட்டு விமானங்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், வாங்க நினைத்தாலும் இப்போது கடைகள் குறைந்துவிட்டன. கிங்பிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பர் 12ஆம் தேதி ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. இண்டிகோ 2024 நவம்பரில் ‘ஸ்ட்ரெச்’ என்ற பெயரில் பிசினஸ் இருக்கை கொண்டுவந்தது. தில்லி–மும்பையில் தொடங்கி, பெரிய ஊர்களுக்கு நடுவே போகும் சில தடங்களில் வைத்திருக்கிறார்கள். கோவையில் வந்து இறங்கும் இண்டிகோ விமானங்கள் பெரும்பாலும் முன்னிருந்து பின்வரை எகானமி, அதாவது சாதாரண வகுப்புதான். ஆக, கோவையிலிருந்து பிசினஸ் என்று தேடினால் பொதுவாக ஏர் இந்தியாதான் கண்ணில் படும். சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து போகலாமா என்று யோசித்தால், அங்கே பறப்பது ஏ.டி.ஆர். எனும் சிறிய விசிறி விமானம். அதில் பிசினஸ் என்ற பகுதியே கிடையாது.

நம் ஊர் வியாபாரிகளுக்கு இந்த முன்பக்கத்துச் சொகுசு புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2005 அக்டோபரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பாராமவுண்ட் ஏர்வேஸ் தொடங்கியது. மதுரை ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் நடத்தியது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170 வகை விமானங்களை நம் நாட்டில் முதலில் ஓட்டியவர்கள் அவர்கள்தான். அந்த விமானத்தில் வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு இருக்கைதான். நடு சீட் என்பதே இல்லை. தொழில் விஷயமாகப் போகிறவர்களை நம்பித்தான் அதைத் தொடங்கினார்கள், கோவைக்கும் ஓட்டினார்கள். 2010இல் நின்றுபோனது. என்னிடம் டிக்கெட் போடும் பழைய மில்காரர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் ஏங்குவது சாப்பாட்டுக்காகவோ உபசரிப்புக்காகவோ அல்ல. பக்கத்தில் இரண்டு பேர் நெருக்காமல் உட்கார்ந்து போனோமே என்றுதான் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்குவது உண்மையில் அந்த இடத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்கு மேல் பூச்சு.

அதனால் டிக்கெட் போடும்போது கம்பெனிப் பெயரையும் கிளாஸ் பெயரையும் பார்ப்பதோடு நிற்காமல், எந்த விமானம் என்று பாருங்கள். பி.என்.ஆர். போடுவதற்கு முன்பே சீட் மேப், அதாவது எந்த இருக்கை எங்கே என்று காட்டும் படத்தைத் திறக்கலாம். ஏர் இந்தியாவின் ஏ320 நியோ விமானங்களில் மூன்று வகுப்பாக மாற்றியதில் பிசினஸ் 8 இருக்கை, பிரீமியம் எகானமி 24, எகானமி 132. முன்னால் இரண்டே வரிசை, வரிசைக்கு நான்கு பேர். எகானமியில் வரிசைக்கு ஆறு பேர். ஒரு இருக்கைக்கும் அடுத்த வரிசை இருக்கைக்கும் உள்ள இடைவெளி எகானமியில் பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம். இண்டிகோ ஸ்ட்ரெச்சில் அது 38 அங்குலம், இருக்கை அகலம் 21 அங்குலத்துக்கு மேல். உங்கள் அப்பா உயரமான ஆளாக இருந்தால் இந்த எட்டு, பத்து அங்குலத்தில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது. 29 அங்குலத்தில் அவர் முட்டி முன் இருக்கையின் முதுகில் முட்டும். முன்னால் இருப்பவர் சாய்த்தால் அசைக்கவே வழியில்லை. தேய்ந்த முட்டியை ஒரே மடிப்பில் மூன்று மணி நேரம் வைத்திருந்துவிட்டு எழுந்தால் முதல் பத்து அடி நடப்பதற்குள் உயிர் போய்விடும்.

பிசினஸ் இருக்கையை ஒரு முறை கிட்ட இருந்து பார்த்துச் சொல்கிறேன். கைப்பிடி அகலமாக, கெட்டியாக, இரண்டு பக்கமும் இருக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு உட்காருவதைவிட எழுவதுதான் பாடு. இரண்டு கையையும் அழுந்த ஊன்றி எழ இந்தக் கைப்பிடி நன்றாகத் தாங்கும். கைப்பிடியின் உள்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் முதுகு சாயும். சில விமானங்களில் கெண்டைக்காலுக்கு அடியிலிருந்து ஒரு பலகை மேலே வரும். சிலவற்றில் பாதம் வைக்க ஒரு கட்டை மட்டும் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு முன் இருக்கையின் முதுகிலிருந்து வராது. கைப்பிடியின் மூடியைத் திறந்து உள்ளேயிருந்து இழுத்து விரிக்க வேண்டும். புதிதாக ஏறுகிறவர்கள் இதைத் தேடித் தவிப்பார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள். முன்கூட்டியே வீட்டில் சொல்லிக் காட்டி விடுங்கள். கழிவறை நாலு எட்டில் இருக்கும், எட்டு பேருக்கு ஒன்று. சர்க்கரை, புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கூடப் போனவர்களுக்குத் தெரியும். எகானமியில் சாப்பாட்டு வண்டி நடைபாதையை அடைத்து நிற்கும் நேரத்தில் அவசரம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எகானமியில் போகும் பக்கத்துக்கும் ஒரு விஷயம் சொல்லி விடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. முட்டி வலி என்றதும் எல்லாரும் முதல் வரிசையைக் கேட்டு, கூடுதல் காசு கொடுத்து வாங்குவார்கள். முதல் வரிசையில் முன்னால் இருக்கை இல்லை, சுவர்தான். காலை ஓரளவு நீட்டலாம். ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி மேலே தூக்க வராது. இரண்டு, மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓர இருக்கை என்றால், பல விமானங்களில் ஓரக் கைப்பிடிக்கு அடியில், பின்பக்கம் கீல் இருக்கும் இடத்தில் கைவிட்டால் ஒரு சின்னக் கொக்கி தட்டுப்படும். அதை அமுக்கிக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். அப்பா உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் நடைபாதைப் பக்கம் திருப்பி, தரையில் ஊன்றி, அப்படியே எழலாம். கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் கைப்பிடியைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். அவசர வழி உள்ள வரிசையில் இடம் அதிகம் என்று ஆசைப்படாதீர்கள். கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவக்கூடிய உடல்நிலை உள்ளவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுப்பார்கள்.

வீல்சேர் எந்த வகுப்பு டிக்கெட்டிலும் கேட்கலாம். இதற்காகப் பிசினஸ் போட வேண்டியதே இல்லை. டிக்கெட் போடும்போதே சொல்லி விடுங்கள், விமான நிலையத்துக்குப் போன பிறகு கேட்டால் காத்திருக்க நேரிடும். அதில் வகை இருக்கிறது. சமதளத்தில் தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்பது ஒன்று. படியும் ஏற முடியாது என்பது இன்னொன்று. இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது மூன்றாவது. அப்பாவால் படி ஏற முடியாது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கோவையில் எல்லா விமானத்துக்கும் ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து போகும் பாலம்) கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படி அடியில் இறக்கி விட்டால், படி ஏற முடியாதவர்களைத் தூக்கு வண்டியில்தான் ஏற்ற வேண்டும். கௌரவம் பார்த்து “மெதுவா ஏறிக்குவாருங்க” என்று சொல்லிவிட்டு, அங்கே போய் இருபது படியைப் பார்த்து மலைத்து நின்றவர்கள் உண்டு.

இதில் ஒரு கணக்கையும் கவனியுங்கள். பிசினஸ் டிக்கெட்டில் முதலில் ஏறலாம், முதலில் இறங்கலாம் என்பதைப் பெரிய சலுகையாகச் சொல்வார்கள். வீல்சேர் கேட்டவர்களை எந்த வகுப்பானாலும் முதலில்தான் ஏற்றுவார்கள். எந்த வகுப்பானாலும் நாற்காலி வந்து சேரும்வரை இறங்கக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆக அந்தச் சலுகை உங்கள் அப்பாவுக்குப் பெரிதாக உதவாது. செக்-இன் வரிசை தனி என்பதும் அப்படித்தான். லவுஞ்ச் எனும் தனிக் காத்திருப்புக் கூடம் மட்டும் தில்லியில் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் உபயோகப்படும். நல்ல கழிவறை, சாய்ந்து உட்கார இடம், சூடான சாப்பாடு. காசிக்குச் சாதாரண டிக்கெட் என்றால், இறங்கிய பிறகு லவுஞ்சுக்குள் விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் கிரெடிட் கார்டிலேயே அது இருக்கவும் கூடும். அதையும் பார்த்து வையுங்கள்.

முன்னால் உட்கார்ந்தாலும் மாறாத விஷயங்கள் இருக்கின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. கடல் மட்டத்துக்கு மேலே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். ஊட்டி 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பதும் இதுவும் ஒன்று. பிசினஸுக்கும் எகானமிக்கும் இதில் வேறுபாடு கிடையாது. உங்கள் அப்பா ஊட்டிக்குப் போனால் மூச்சு வாங்கும் ஆளாக இருந்தால், இருதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு விடுங்கள். காற்று வறண்டிருக்கும், தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும், கழிவறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து குடிக்காமல் இருக்கக் கூடாது. நாக்குக்கு ருசி மட்டுப்படுவதும் இந்த வறட்சியாலும் அழுத்தத்தாலும்தான். சாப்பாட்டில் உப்பு இல்லை, இனிப்பு இல்லை என்று தோன்றும்; சமைத்தவர் மேல் மட்டும் குறையல்ல.

குலுக்கலும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து நேரே கோவை மேல்தான் வந்து விழுகிறது. ஆனி, ஆடியில் பீளமேட்டு விமான நிலையத்தில் இறங்கும்போது விமானம் நன்றாகவே ஆடும். அம்மி பறக்கும் மாதத்தில் விமானம் ஆடாமல் வருமா? பயப்பட ஒன்றுமில்லை என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். முன்பக்கம் சத்தம் குறைவு, ஏனென்றால் என்ஜின் பின்னால் இருக்கிறது. ஆனால் ஆட்டம் குறைவாகத் தெரிவது இறக்கைக்கு நேரே உள்ள இருக்கைகளில்தான், அவையோ எகானமியில் இருக்கின்றன. அம்மாவுக்குக் குலுக்கல் என்றாலே வாந்தி வரும் என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

சன்னல் இருக்கையைப் பற்றி ஒன்று. கோவையும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியில் இருக்கின்றன. சுமார் 1,950 கிலோமீட்டர், வடக்கு நோக்கி ஏறத்தாழ நேர்கோடு. காலை விமானத்தில் வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும், சன்னலை மூடித்தான் வைக்க வேண்டும். இடது பக்கம் போடுங்கள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வரட்டும்.

சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும்: பீங்கான் தட்டு, துணி விரிப்பு, சூடாக வரும். மது கிடையாது, உள்நாட்டு விமானத்தில் எந்த வகுப்பிலும் ஊற்றுவதில்லை. காசிக்குப் போகிறவர்கள் கவுச்சி தொட மாட்டார்கள் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முன்பதிவில் ‘ஹிந்து மீல்’ என்று ஒரு பெயர் வரும். அது பொதுவாக மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத உணவு. கோழியோ ஆட்டுக்கறியோ இருக்கும். சைவம் வேண்டுமென்றால் ‘ஏ.வி.எம்.எல்.’ என்ற குறியீடு உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கும் தனி உணவு உண்டு. இதையெல்லாம் ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லி விடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் இருப்பதைத்தான் கொடுப்பார்கள்.

இனி காசு. கட்டணம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் பிசினஸ் டிக்கெட் எகானமியைப் போல மூன்று, நான்கு மடங்கு போவது சாதாரணம். கணக்குப் பார்க்க எகானமி 6,000, பிசினஸ் 24,000 என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் ஜி.எஸ்.டி. வருகிறது. எகானமிக்கு 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். ஆக எகானமி 6,300, பிசினஸ் 28,320. ஆளுக்கு 22,020 ரூபாய் வித்தியாசம். அப்பா அம்மா இரண்டு பேருக்கு ஒரு பக்கத்துக்கு 44,040. பறக்கும் மூன்று மணி நேரத்துக்குப் பங்கிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 7,340 ரூபாய் கூடுதல்.

இந்தப் பதினெட்டு சதவீதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. திருப்பூர் கம்பெனிக்காரர் தொழில் விஷயமாகத் தில்லி போகிறார் என்றால், டிக்கெட் போடும்போதே கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிடுவார். அந்த 4,320 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதனால்தான் முன்வரிசையில் அவர்களே அதிகம் தெரிகிறார்கள். உங்களுடையது குடும்பப் பயணம், காசி யாத்திரை. அதில் தொழில் எண்ணைப் போட்டு வரவு எடுப்பது சட்டப்படி செல்லாது. யாராவது “போட்டுக்கலாமுங்க, யாரு பாக்கறாங்க” என்று சொன்னால் கேட்காதீர்கள். வரி முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பிரீமியம் எகானமி என்று நடுவில் ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதுவும் வரிசைக்கு ஆறு பேர்தான். கால் வைக்கச் சில அங்குலம் கூடும், சாப்பாடு கொஞ்சம் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கும் 18 சதவீத வரி. முட்டிக்கு வேண்டியது கெட்டிக் கைப்பிடியும் அகலமும் என்றால் அது இதில் கிடைக்காது. எகானமியோடு கட்டண வித்தியாசம் ஆயிரத்துச் சில்லறை என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

இந்த 44,000 ரூபாயைக் காசியிலும் செலவழிக்கலாம். பாபத்பூர் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் 25 கிலோமீட்டர். கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் கார் நுழையாது, படித்துறைகளோ செங்குத்தாக இறங்கும். லிப்ட் உள்ள, கங்கைக்கரைக்குப் பக்கத்தில் உள்ள நல்ல அறை, நாள் முழுக்கக் கூடவே இருக்கும் ஒரு ஆள், தனிப் படகு, இவைதான் முட்டி வலிக்காரருக்குக் காசியில் உண்மையான சொகுசு. இதற்கெல்லாம் ஒதுக்கி வைத்த பிறகும் மிச்சம் இருந்தால் பிசினஸ் போடுங்கள். விமானத்தில் மூன்று மணி நேரம் சௌகரியமாகப் போய்விட்டு, மூன்றாவது மாடி அறைக்குப் படி ஏற வைத்தால் அவருக்கு என்ன பயன்?

திரும்பும் பக்கம் போடுங்கள் என்று ஏன் சொன்னேன்? போகும்போது எல்லாருக்கும் உற்சாகம். முதல் முறை விமானம், காசி பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பே பாதி வலியை மறக்கடிக்கும். திரும்பும்போது கதை வேறு. நாலைந்து நாள் படி ஏறி இறங்கி, வரிசையில் நின்று, தூக்கம் கெட்டு, கால் வீங்கி வருவார்கள். காசியிலிருந்து தில்லிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து, காத்திருந்து, மறுபடி மூன்று மணி நேரம். அந்தக் கடைசி மூன்று மணி நேரத்துக்குத்தான் கால் பலகையும் சாய்வும் வேண்டும். பிறகும் கோவையிலிருந்து பெருந்துறைக்குக் காரில் போக வேண்டும். என் அம்மாவை இப்படித்தான் கூட்டி வந்தேன். ஏறியதும் செருப்பைக் கழற்றி, கால் பலகையில் காலை வைத்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவர், சக்கரம் தரையில் படும்போதுதான் கண் விழித்தார். மறுநாள் காலையில் எப்போதும்போல எழுந்து வாசல் தெளித்தார்.

இன்னொரு காரணம் சுமை. எகானமியில் செக்-இன் பொதுவாக 15 கிலோ, கையில் 7 கிலோ. பிசினஸில் கட்டண வகையைப் பொறுத்து 25 முதல் 35 கிலோ வரை கொடுப்பார்கள். காசிப் பட்டு, பித்தளைச் சாமான், உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுக்கக் கங்கைச் சொம்பு என்று திரும்பும்போதுதான் கனம் ஏறும். சொம்புகளை நன்றாகச் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

நீங்கள் கூடப் போகிறீர்களா என்று எழுதவில்லை. கூடப் போய், அவர்களை மட்டும் முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பின்னால் எகானமியில் உட்காருவதாக இருந்தால், முதல் பயணத்தில் அதைச் செய்யாதீர்கள். திரையைத் தாண்டி நினைத்தபோதெல்லாம் முன்னால் போய்ப் பார்க்க விட மாட்டார்கள். பணிப்பெண்கள் அன்பாகவே கவனிப்பார்கள். ஆனால் தில்லி விமானத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்ப முடியாது. கழிவறைக் கதவு நடுவில் மடிந்து திறக்கும், அதைத் தள்ளத் தெரியாமலே அடக்கிக்கொண்டு வரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒன்று, மூன்று பேரும் முன்னால். இல்லையென்றால் மூன்று பேரும் எகானமியில் ஒரே வரிசையில். பக்கத்தில் பிள்ளை இருப்பது எந்த இருக்கையையும்விட அவர்களுக்குப் பெரிது.

விலை குறைய வழி உண்டா என்றால், உண்டு. எகானமி டிக்கெட் போட்டவர்களுக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ‘இவ்வளவு தருகிறேன், பிசினஸ் கொடு’ என்று ஏலம் கேட்கும் வசதியை ஏர் இந்தியா வைத்திருக்கிறது. இடம் காலியாக இருந்தால் செக்-இன் கவுண்டரிலும் ஒரு தொகை சொல்வார்கள். முழு விலையை விட நன்றாகவே குறையும். ஆனால் நிச்சயம் கிடையாது. கவுண்டரில் ஒரே இடம்தான் காலி என்றால், இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகவும் கூடும். தனியாகப் போகும் வியாபாரிக்கு இது நல்ல வழி. அப்பா அம்மாவுக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம், முன்கூட்டியே போட்டு விடுங்கள்.

காசி வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் சில நூறு குறையும்தான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தக் காசு போனதுதான். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேரே காசிக்குப் போய்விடும். தில்லியில் முனையங்கள் ஒன்றுக்கொன்று தூரம். முதல் முனையத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சில கிலோமீட்டர் வண்டியில்தான் போக வேண்டும். இறங்கும் முனையமும் ஏறும் முனையமும் ஒன்றா என்று டிக்கெட்டில் பாருங்கள். வீல்சேர்க்காரருக்குக் குறைந்தது இரண்டரை மணி நேர இடைவெளி வையுங்கள். மார்கழி, தையில் தில்லியிலும் காசியிலும் மூடுபனியால் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். ஐப்பசியோ மாசியோ பார்த்துப் போட்டால் நல்லது.

காசு கொடுத்து வாங்கிய பிசினஸ் இருக்கை கடைசி நேரத்தில் இல்லை என்று சொல்லி விட்டால்? நடக்கும். விமானத்தை மாற்றி, பிசினஸே இல்லாத ஒன்றையோ குறைவாக உள்ளதையோ அனுப்புவார்கள். ஒரு தடவை என் வாடிக்கையாளர் தம்பதிக்கு ஒரு நிறுவனம் இப்படிச் செய்துவிட்டு, “வித்தியாசத்தைப் பிறகு தருவோம்” என்று கவுண்டரில் சொல்லி அனுப்பப் பார்த்தது. 2023 பிப்ரவரி 15 முதல், விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி தெளிவாக இருக்கிறது: பயணியின் சம்மதம் இல்லாமல் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். போர்டிங் பாஸ் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, விதியைச் சொல்லி எழுதிக் கேட்டோம், வந்தது. தராவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். ‘நானாக ஒத்துக்கொண்டேன்’ என்ற பொருளில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக அம்மாவிடம் பெட்டி கட்டும்போது சொல்ல வேண்டியது ஒன்று. பூஜைக்கு வேண்டும் என்று காங்கேயம் கொப்பரையைச் செக்-இன் பெட்டியில் வைத்து விடாதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று அதைத் தடை செய்திருக்கிறார்கள், பெட்டியை நிறுத்தித் திறக்கச் சொல்வார்கள். முறுக்கு, எள்ளுருண்டை எடுத்துக்கொள்ளலாம். ஊறுகாய் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். மருந்துச் சீட்டும் மாத்திரையும் அப்பாவின் கைப்பையில் இருக்கட்டும், எந்த வகுப்பில் போனாலும்.